குழந்தையின் குறிப்பேடு யார் கையில்? - இங்கிலாந்தின் கதை

ஒரு இரண்டரை வயதுக் குழந்தையை எடுத்துக்கொள்வோம். ஊர் இங்கிலாந்தில் ஏதோ ஒன்று. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் நர்சரி. வியாழன், வெள்ளி இரண்டு நாள் பக்கத்துத் தெருவில் ஒரு சைல்ட்மைண்டர் வீடு. (சைல்ட்மைண்டர் என்றால் தன் வீட்டிலேயே சில பிள்ளைகளைக் கட்டணத்துக்குப் பார்த்துக்கொள்பவர். முறைப்படி பதிவு செய்திருப்பார், அவர் வீட்டுக்கும் இன்ஸ்பெக்‌ஷன் உண்டு.) நர்சரியில் அத்தனை பிள்ளைகளின் சத்தத்துக்கு நடுவே இந்தக் குழந்தை வாயே திறப்பதில்லை. அங்கே இருக்கும் ஆசிரியை "பேச்சு வரவில்லை, கவனிக்க வேண்டும்" என்று எழுதி வைக்கிறார். சைல்ட்மைண்டர் வீட்டிலோ சமையலறை மேஜைக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு அதே குழந்தை ஓயாமல் கதை பேசுகிறது. அவரும் தன் நோட்டில் அதை எழுதி வைக்கிறார்.

இரண்டு பேரும் பொய் எழுதவில்லை. ஆனால் இரண்டு நோட்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளாவிட்டால் அந்தக் குழந்தையைப் பற்றி யாருக்கும் முழுதாகத் தெரியாது. தேவையில்லாமல் டாக்டரிடம் ஓட வேண்டிவரலாம். அல்லது நேர்மாறாக, உண்மையிலேயே உதவி தேவைப்படும் குழந்தைக்கு அது ஒரு வருடம் தாமதமாகக் கிடைக்கலாம். அந்த வயதில் ஒரு வருடம் என்பது சின்ன விஷயமில்லை.

"இரண்டு பேரும் போனில் பேசிக்கொண்டால் போயிற்று, இதிலென்ன வரலாறு?" என்று தோன்றும். அந்தப் போன் ஏன் எளிதாகப் போகவில்லை என்பதற்குப் பின்னால் சுமார் நூறு வருடக் கதை இருக்கிறது.

குழந்தைகளை உட்கார்ந்து கவனித்து எழுதும் பழக்கத்துக்கு இங்கிலாந்தில் முக்கியமான பெயர் சூசன் ஐசக்ஸ். 1924ல் கேம்பிரிட்ஜில் ஜெஃப்ரி பைக் என்ற வினோதமான மனிதர் ஆரம்பித்த மால்ட்டிங் ஹவுஸ் என்ற சிறு பள்ளியை அவர் நடத்தினார். குழந்தைகள் என்ன பேசினார்கள், என்ன செய்தார்கள், எதற்குச் சண்டை போட்டார்கள் என்பதையெல்லாம் அங்கே அப்படியே குறித்து வைத்தார்கள். சுருக்கெழுத்து தெரிந்தவர்களையும் இதற்கென்றே வேலைக்கு வைத்தார் பைக்! ஐசக்ஸ் 1927ல் வெளியேறினார், 1929ல் பள்ளியும் மூடப்பட்டது. ஆனால் அந்தக் குறிப்புகளிலிருந்து 1930லும் 1933லும் இரண்டு பெரிய புத்தகங்கள் வந்தன. ஆசிரியப் பயிற்சியில் பல தலைமுறைகள் அவற்றைப் படித்தன.

இன்னொரு வேலையும் அவர் செய்துகொண்டிருந்தார். 1929 முதல் 1936 வரை 'நர்சரி வேர்ல்ட்' பத்திரிகையில் அர்சுலா வைஸ் என்ற புனைபெயரில் பெற்றோர்களின் கடிதங்களுக்குப் பதில் எழுதினார். வீட்டில் நடப்பதைப் பெற்றவர்களும் ஆயாக்களும் விவரமாக எழுதி அனுப்புவார்கள், அதை வைத்து அவர் ஆலோசனை சொல்வார். குழந்தையைப் பற்றிய தகவலில் பாதி வீட்டில்தான் இருக்கிறது என்பதை அவர் அப்போதே உணர்ந்திருந்தார். இது பின்னால் முக்கியமாக வரும்.

1939 செப்டம்பர் வந்தது, உலகப்போர். குண்டுவீச்சுக்குப் பயந்து முதல் சில நாட்களிலேயே சுமார் 15 லட்சம் பேரை நகரங்களிலிருந்து கிராமங்களுக்கு அனுப்பினார்கள். பெரும்பாலோர் குழந்தைகள். சட்டையில் குத்திய ஒரு சீட்டு, அதில் பெயர், பள்ளி. அவ்வளவுதான் கூடப் போன 'ரெக்கார்ட்'. இந்தக் குழந்தைக்கு இருட்டென்றால் பயம், இது அண்ணனை விட்டுப் பிரிந்தால் சாப்பிடாது என்பதெல்லாம் அந்தச் சீட்டில் இல்லை. பிள்ளைகள் படுக்கையை நனைக்கிறார்கள் என்ற புகார் தேசிய விவகாரமாகவே ஆகிவிட்டது. 1941ல் ஐசக்ஸ் பதிப்பித்த கேம்பிரிட்ஜ் ஆய்வு இப்படி இடம்பெயர்ந்த பிள்ளைகளைப் பற்றியதுதான்.

அதே காலத்தில் லண்டன் ஹேம்ஸ்டெட்டில் அன்னா ஃபிராய்டும் டோரதி பர்லிங்ஹாமும் போர்க்கால நர்சரி நடத்தினார்கள். ஊழியர் எல்லோருமே தாங்கள் பார்த்ததைச் சிறு அட்டைகளில் எழுத வேண்டும் என்பது அங்கே விதி. பாய்லருக்குக் கரி போட வந்தவர் உட்பட! (அவர் பெயர் ஜேம்ஸ் ராபர்ட்சன். தாயைப் பிரிந்த குழந்தைகளைப் பற்றிப் படமெடுத்துப் பிற்காலத்தில் பெயர் வாங்கினார்.) லண்டனில் இரண்டு வீடு, எசெக்ஸ் கிராமப்புறத்தில் ஒரு வீடு என்று மூன்று இடங்களில் அந்த நர்சரி இயங்கியது. நிர்வாகம் ஒன்றே என்பதால் அட்டைகள் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி எழவே இல்லை.

நாட்டுக்கே அப்படி ஒரே நிர்வாகம் அமைந்திருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். அமையவில்லை. போர்க்காலத்தில் அம்மாக்கள் தொழிற்சாலைக்குப் போக வேண்டியிருந்ததால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நர்சரிகளை அரசு திறந்திருந்தது. 1945க்குப் பிறகு இவற்றில் பல மூடப்பட்டன. மிஞ்சியவை இரண்டு பக்கமாகப் பிரிந்தன. நாள் முழுக்கப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் டே நர்சரி சுகாதார அமைச்சகத்தின் கீழ் போனது. சில மணி நேரம் கற்பிக்கும் நர்சரி பள்ளி கல்வி அமைச்சகத்தின் கீழ் போனது. ஒன்று 'பராமரிப்பு', இன்னொன்று 'கல்வி'. முதலாவதில் நர்ஸ், இரண்டாவதில் டீச்சர். பயிற்சி வேறு, சம்பளம் வேறு, நிரப்பும் படிவமும் வேறு. மூன்று வயதுக் குழந்தைக்குப் பசிப்பது ஒரு இலாகா, பாட்டு கற்றுக்கொள்வது இன்னொரு இலாகா என்று பிரித்துவிட்டார்கள்!

பிறகு 1960ல் கல்வி அமைச்சகம் ஒரு சுற்றறிக்கை விட்டது. நர்சரி கல்வியை இனி விரிவாக்கக் கூடாது என்பது அதன் சாரம். பணமும் இல்லை, ஆசிரியர்களும் போதவில்லை. அடுத்த வருடம், 1961ல், பெல் டுடேவ் என்ற லண்டன் தாய் கார்டியன் நாளிதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். அரசு நர்சரி தராவிட்டால் அம்மாக்களே சேர்ந்து நடத்திக்கொள்வோம் என்றார். நாடெங்கும் தேவாலய மண்டபங்களில் பிளேகுரூப்புகள் முளைத்தன. காலையில் மேஜை, பொம்மை எல்லாம் எடுத்துப் போட்டு, மதியம் மடித்து அலமாரியில் வைத்துவிட்டுப் போகும் இடங்கள். அம்மாக்கள் சாதித்த பெரிய காரியம் அது. ஆனால் பள்ளிக்கும் பிளேகுரூப்புக்கும் நடுவே முறையான உறவு எதுவும் இல்லை. பல இடங்களில் பிளேகுரூப்காரர்கள் டீச்சரின் கண்ணுக்குத் தன்னார்வ அம்மாக்களாகத்தான் தெரிந்தார்கள். அவர்கள் எழுதிய குறிப்பை யார் மதிப்பார்கள்?

1967ல் பிளவுடன் அறிக்கை வந்தது. ஒவ்வொரு குழந்தைக்கும் விரிவான கோப்பு ஒன்று வேண்டும், அதை வைத்துப் பெற்றோரிடம் பேச வேண்டும், குழந்தை அடுத்த பள்ளிக்குப் போகும்போது அதுவும் உடன் போக வேண்டும் என்றது. நல்ல யோசனைதான். ஆனால் சரியாக அடுத்த வருடமே அதற்கு எதிர்வாதமும் வந்துவிட்டது. 1968ல் ரோசந்தாலும் ஜேக்கப்சனும் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு அது. சில மாணவர்களைச் சும்மா குலுக்கல் முறையில் பொறுக்கி "இவர்கள் சீக்கிரமே பிரகாசிப்பார்கள்" என்று ஆசிரியர்களிடம் சொன்னார்கள். வருட முடிவில் சின்ன வகுப்புகளில் அந்தப் பிள்ளைகள் உண்மையிலேயே முன்னேறியிருந்தார்கள் என்றது ஆய்வு. இதன் புள்ளிவிவரத்தைப் பலர் பின்னால் பிய்த்து உதறினார்கள், அது தனிக்கதை. ஆனால் அதன் நிழல் ஆசிரியர்கள் மனதில் தங்கிவிட்டது. நல்லது சொன்னால் நல்லது நடக்கும் என்றால், கெட்டது சொன்னால்? "முந்தைய பள்ளியின் கோப்பைப் படிக்க மாட்டேன், குழந்தையை என் கண்ணால் புதிதாகப் பார்க்கிறேன்" என்று சொல்லும் ஆசிரியரைச் சோம்பேறி என்று தள்ளிவிட முடியாது. அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது. மூன்று வயதில் கடித்து வைத்த பிள்ளை ஏழு வயதிலும் 'கடிக்கிற பிள்ளை' என்று பெயர் சுமக்க வேண்டுமா?

இதற்கு ஒரு நல்ல பதில் லண்டனில் வந்தது. அன்றைய லண்டன் உள்நகரக் கல்வி ஆணையத்தின் மொழிக் கல்வி மையம் 1988ல் 'பிரைமரி லாங்வேஜ் ரெக்கார்ட்' என்ற படிவத்தை வெளியிட்டது. டீச்சரும் பெற்றோரும் உட்கார்ந்து பேசியதை அதன் தொடக்கத்திலேயே எழுத வேண்டும். வீட்டில் எந்த மொழி பேசுகிறார்கள், குழந்தைக்கு என்ன கதை பிடிக்கும், எல்லாம் அதில் வரும். குழந்தையோடு பேசியதையும் பதிய வேண்டும். வங்காளமும் துருக்கியும் வீட்டில் பேசிவிட்டு ஆங்கில வகுப்பறைக்கு வந்த எத்தனையோ பிள்ளைகளுக்கு இது பெரிய வரம். 'பேசாத குழந்தை' என்பது 'ஆங்கிலம் மட்டும் பேசாத குழந்தை' ஆக மாறியது அந்த ஒரு பத்தியால்தான். 1990ல் அந்த ஆணையத்தையே அரசு கலைத்துவிட்டது. ஆனால் படிவம் அமெரிக்கா வரை போய் வாழ்ந்தது.

அடுத்து வந்தது சந்தை. 1996ல் நர்சரி வவுச்சர் திட்டம் சில பகுதிகளில் ஆரம்பித்து 1997ல் நாடெங்கும் வந்தது. நான்கு வயதுப் பிள்ளை ஒன்றுக்கு 1,100 பவுண்டு, பெற்றோர் விரும்பும் இடத்தில் கொடுக்கலாம். அதே வருடம் ஆட்சி மாறி வவுச்சர் போய்விட்டது. ஆனால் பிள்ளையோடு பணம் நகரும் என்ற ஏற்பாடு தங்கிவிட்டது. முதலில் நான்கு வயதுக்கு, 2004லிருந்து மூன்று வயதுப் பிள்ளைகள் எல்லோருக்கும் இலவச நேரம். 2010ல் வாரம் 15 மணி, 2017ல் வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகளுக்கு 30 மணி. இந்த மணிகளை ஒரே இடத்தில் செலவழிக்க வேண்டும் என்பதில்லை, ஒரே நாளில் இரண்டு இடம் வரை பிரித்துக்கொள்ளலாம். அதாவது ஒரு குழந்தை இரண்டு இடத்துக்குப் போவதை அரசின் பணமே சாத்தியமாக்கியது. ஆனால் அந்த இரண்டு இடமும் ஒரே தெருவில் போட்டி வியாபாரிகளாக இருக்கலாம். எதிர்க்கடைக்காரரிடம் நம் வாடிக்கையாளரைப் பற்றி எத்தனை பேர் மனமுவந்து சொல்வார்கள்?

நிர்வாகம் என்னவோ ஒருவழியாக ஒன்றானது. 1998ல் பகல்நேரப் பராமரிப்பு சுகாதாரத் துறையிலிருந்து கல்வித் துறைக்கு மாறியது. 2001ல் சைல்ட்மைண்டர், பிளேகுரூப் எல்லாமே ஆஃப்ஸ்டெட் என்ற ஒரே ஆய்வு அமைப்பின் கீழ் வந்தன. 2006ல் சட்டம் போட்டு 2008 செப்டம்பரில் 'எர்லி இயர்ஸ் ஃபவுண்டேஷன் ஸ்டேஜ்' என்ற பொதுச் சட்டகம் நடைமுறைக்கு வந்தது. பிறந்ததிலிருந்து ஐந்து வயது வரை எல்லா இடத்துக்கும் ஒரே விதி. ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களுக்குப் போகும் குழந்தையைப் பற்றிய தகவலை அந்த இடங்கள் ஒன்றோடொன்றும் பெற்றோரோடும் கட்டாயம் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று அதில் தெளிவாகவே எழுதியிருந்தார்கள்.

ஆனால் எழுத வேண்டியது என்னவென்று பாருங்கள். கற்றல் இலக்குகள் மட்டும் 69. ஐந்து வயதில் போடும் மதிப்பீட்டில் 117 புள்ளிகள். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு தடித்த ஃபைல், அதில் போட்டோ, மஞ்சள் ஒட்டுச்சீட்டு, மணல் விளையாட்டு, பெயின்டிங். அன்பாகச் செய்ததுதான். ஆனால் செப்டம்பரில் 30 புதுப் பிள்ளைகளோடு 30 தடித்த ஃபைல் வந்து இறங்கினால் ரிசப்ஷன் வகுப்பு டீச்சர் எப்போது படிப்பார்? பல ஃபைல்கள் பெற்றோருக்கு ஞாபகப் பரிசாக அலமாரிக்குப் போனதில் ஆச்சரியமில்லை.

2011ல் கிளேர் டிக்கல் தலைமையிலான மறுஆய்வு இந்தக் காகிதச் சுமையைக் குறைக்கச் சொன்னது. 69 இலக்கு 2012ல் 17 ஆனது. அப்போது வந்த வழிகாட்டியில் வளர்ச்சியை மாதக் கணக்கில் கட்டம் கட்டியிருந்தார்கள்: 22 முதல் 36 மாதம், 30 முதல் 50 மாதம், இப்படி ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும் கட்டங்கள். நர்சரி ஒரு கட்டத்தில் வைத்து அனுப்பும், பள்ளி அதைவிடக் கீழ்க் கட்டத்தில் வைத்து ஆரம்பிக்கும். இது பார்வை வித்தியாசமாக இருக்கலாம், புது இடத்தில் குழந்தை மிரண்டிருக்கலாம். ஆனால் இன்னொரு சந்தேகமும் பலருக்கு உண்டு. தொடக்க இருப்பைக் குறைத்துக் காட்டினால் வருடக் கடைசியில் லாபம் கூடுதலாகத் தெரியும் என்பது பி.காம் முதல் வருடப் பாடம் :-) பள்ளி எவ்வளவு 'முன்னேற்றம்' காட்டியது என்று ஆஃப்ஸ்டெட் கேட்கும்போது, முந்தைய இடத்தின் இறுதி இருப்பை அப்படியே எடுத்து எழுத யாருக்கு ஆசை வரும்? கணக்குப் புத்தகத்திலாவது ஆடிட்டர் பிடிப்பார்.

இதோடு சேர்ந்து ஓடிய இன்னொரு கதையையும் சொல்லாவிட்டால் படம் முழுதாகாது. 2000 பிப்ரவரியில் லண்டனில் விக்டோரியா கிளிம்பியே என்ற 8 வயதுச் சிறுமி சித்திரவதையால் இறந்தாள். ஐவரி கோஸ்டிலிருந்து உறவினரோடு வந்தவள். மருத்துவமனை, சமூக சேவைத் துறை, போலீஸ் என்று எத்தனையோ பேர் அவளைப் பார்த்திருந்தார்கள். அவளைக் காப்பாற்றக் குறைந்தது 12 வாய்ப்புகள் இருந்தன என்றது 2003ல் வந்த லேமிங் பிரபு அறிக்கை. ஆளுக்குக் கொஞ்சம் தெரிந்திருந்தது, யாருக்கும் முழுதாகத் தெரியவில்லை.

அரசின் பதில், ஒரு பெரிய கம்ப்யூட்டர். 2004 சட்டத்தின் அடிப்படையில் 'கான்டாக்ட்பாயிண்ட்'. இங்கிலாந்தின் 1 கோடியே 10 லட்சம் குழந்தைகளின் பெயர், முகவரி, பள்ளி, டாக்டர் எல்லாம் ஒரே இடத்தில். செலவு 22 கோடியே 40 லட்சம் பவுண்டு. லட்சக்கணக்கான ஊழியர்கள் திறந்து பார்க்கலாம். இது தயாராகிக்கொண்டிருந்தபோது, 2007ல், குழந்தை உதவித்தொகை பெறும் குடும்பங்களின் விவரம் அடங்கிய இரண்டு சிடிக்களை வருமான வரித் துறை தபாலில் தொலைத்தது. இரண்டரைக் கோடிப் பேரின் விவரம்! அதற்குப் பிறகு "எங்கள் பிள்ளை பெயரைப் பத்திரமாக வைத்திருப்போம்" என்று அரசு சொன்னால் எந்தப் பெற்றோர் நம்புவார்கள்? 2009ல் கான்டாக்ட்பாயிண்ட் வேலையை ஆரம்பித்தது. ஆட்சி மாறியதும் 2010 ஆகஸ்டில் மூடிவிட்டார்கள்.

இந்தப் பெரிய யந்திரத்தில் குழந்தை என்ன கற்றுக்கொண்டது, எப்போது பேசியது, எதற்குச் சிரித்தது என்று எழுத இடமே கிடையாது. யாரைக் கூப்பிட வேண்டும் என்பது மட்டும்தான். ஆபத்தில் இருக்கும் குழந்தைக்கு அது தேவைதான். ஆனால் மேஜைக்கு அடியில் கதை பேசும் குழந்தைக்கு வேண்டியது வேறு. ஆபத்துத் தகவலையும் கற்றல் குறிப்பையும் 'தகவல் பகிர்வு' என்ற ஒரே மூட்டையில் கட்டியதுதான் அந்தப் பத்து வருடத்தின் பெரிய தவறு. முதலாவதற்குப் பெற்றோரைத் தாண்டியும் போக வேண்டிவரும். இரண்டாவது பெற்றோர் இல்லாமல் நகரவே நகராது.

அரசே இதைப் பாதி ஒப்புக்கொண்டது என்றுதான் சொல்ல வேண்டும். 2012ல் இரண்டு வயதில் ஒரு முன்னேற்றச் சோதனை வந்தது. நீளமாக ஒன்றுமில்லை, சுருக்கமான எழுத்துக் குறிப்பு. குழந்தை இடம் மாறியிருந்தால், அதிக நாள் இருந்த இடம்தான் வழக்கமாக அதை எழுத வேண்டும். எழுதியதைப் பெற்றோர் கையில் தர வேண்டும். ஹெல்த் விசிட்டரிடமும், அடுத்துச் சேரப்போகும் இடத்திலும் அவர்களே காட்டும்படி ஊக்கப்படுத்த வேண்டும். நேரடியாக அனுப்புவதென்றால் பெற்றோரின் சம்மதம் வேண்டும். இரண்டு இடத்துக்குப் போகும் குழந்தையைப் பற்றி அந்த இடங்களுக்கு நடுவே இருவழித் தகவல் ஓட்டம் இருக்க வேண்டும் என்ற விதியும் அதில் இருந்தது.

இந்த யோசனை அங்கே புதிதுமல்ல. குழந்தையின் எடை, தடுப்பூசி எல்லாம் எழுதும் சிவப்பு அட்டைப் புத்தகம் 1990களிலிருந்தே அங்குள்ள வீடுகளில் இருக்கிறது. ஆஸ்பத்திரியும் ஹெல்த் விசிட்டரும் அதில் எழுதுவார்கள், வைத்திருப்பது அம்மா. எந்த டாக்டரிடம் போனாலும் பையில் அதுவும் போகும். தடுப்பூசிக்கு முப்பது வருடமாக நடப்பது பேச்சுக்கும் விளையாட்டுக்கும் வர இவ்வளவு காலம் எடுத்தது.

2010களில் ஃபைல்கள் மொபைலுக்கு மாறின. நர்சரியில் எடுத்த போட்டோ மதியமே அம்மாவின் போனுக்கு வந்துவிடும். ஆனால் நர்சரி ஒரு மென்பொருள், சைல்ட்மைண்டர் இன்னொரு மென்பொருள், பள்ளி மூன்றாவது என்று ஆனபோது அலமாரிக்குப் பதில் பாஸ்வேர்டு வந்தது, அவ்வளவுதான். 2018ல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பயந்து பகிரக்கூடியதைக்கூடப் பகிராதவர்களும் உண்டு. 2021 செப்டம்பரில் சட்டகத்தை மறுபடி திருத்தி, ஆதாரத்துக்காகப் போட்டோவும் காகிதமும் சேர்த்துக்கொண்டே இருக்கத் தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள். டீச்சர் தன் மனதில் உள்ளதை வைத்துப் பேசினால் போதும். ஆனால் அப்போது அந்த அறிவு டீச்சரோடு போய்விடுமே? சம்பளம் குறைந்த, ஆட்கள் அடிக்கடி மாறும் தொழில் அது.

2025 செப்டம்பரிலிருந்து வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகளுக்கு ஒன்பதாவது மாதத்திலிருந்தே 30 மணி நேரம் கிடைக்கிறது. ஒரு வயதுகூட நிரம்பாத குழந்தை இரண்டு இடத்துக்குப் போவது இனி சாதாரணம். இதற்கு நடுவே, 2024 டிசம்பரில் நாடாளுமன்றத்துக்கு வந்த குழந்தைகள் நலன் மசோதாவில் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரே அடையாள எண் என்ற யோசனை மறுபடியும் எட்டிப் பார்த்தது. வியாழக்கிழமை காலை குழந்தையை இறக்கிவிடும்போது அப்பா வாசலில் நின்று "நேற்று நர்சரியில் இப்படிச் சொன்னார்கள்" என்று சைல்ட்மைண்டரிடம் சொல்வதற்கு அந்த எண் தேவைப்படாது. ஆபீஸுக்கு நேரமாகவில்லை என்றால் அவர் சொல்லிவிட்டுத்தான் போவார்.